பதினொரு வருடமும் ஒரு டிக் குறியும்

ஈஸ்வரபாண்டியை ஹேமாவதிக்குப் பிடிக்காது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. காலையில் பள்ளி வாசலில் அவர் பைக் நிற்கும் சத்தம் கேட்டாலே அவளுக்கு வயிறு எரியும். பதினொரு வருட எரிச்சல் அது.

கம்பத்துக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளி. ஹேமாவதி அங்கே பகுதிநேரக் கம்ப்யூட்டர் ஆசிரியை. ஈஸ்வரபாண்டி நிரந்தர அறிவியல் ஆசிரியர். அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னாலும் அவர் கேட்டார்: "டெம்பரவரிக்கு எதுக்குத் தனி நாற்காலி? கிளாஸ் முடிஞ்சதும் கெளம்பப்போறாக." எல்லோரும் சிரித்தார்கள். அவளும் அன்றைக்கு அசடு வழியச் சிரித்துத் தொலைத்தாள். அந்தச் சிரிப்புக்காகத் தன்னையே அவள் இன்னும் மன்னிக்கவில்லை.

எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்து, கம்பத்தில் ஒரு டிவி ரிப்பேர் கடையில் நான்கு வருடம் ஈயம் பற்றவைத்தவள் அவள். இடது ஆள்காட்டி விரலில் சூட்டுத் தழும்பு இருக்கிறது. அப்படிப்பட்டவள் இருக்கும் பள்ளிக்குப் பத்து மைக்ரோகன்ட்ரோலர் போர்டுகள் வந்தன. பிள்ளைகள் படிப்பதற்காகச் செய்த, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய போர்டுகள். ஈஸ்வரபாண்டி அட்டைப்பெட்டியோடு பீரோவில் வைத்துப் பூட்டினார். "பிள்ளைக தொட்டா கெட்டுப்போயிரும்" என்றார். ஒரு வருடம் அவை இருட்டில் கிடந்தன. கடைசியில் தலைமையாசிரியரிடம் சண்டை போட்டுச் சாவியை வாங்கியவள் ஹேமாவதி.

அதன் பிறகு அவள் வகுப்பைப் பார்த்திருக்க வேண்டும். போர்டின் கீழ் விளிம்பில் தங்க நிறத்தில் ஐந்து பெரிய ஓட்டைகள். மூன்றில் 0, 1, 2 என்ற எண்கள், ஒன்று மூன்று வோல்ட், ஒன்று கிரவுண்ட். முதலை வாய்போல் கவ்வும் கிளிப்புகளை அவற்றில் மாட்டி, வயரின் மறுமுனைகளில் இரண்டு ஆணிகளைக் கட்டி மண்ணில் குத்தினால், ஈரம் எவ்வளவு என்று போர்டு எண்ணாகச் சொல்லும். புளூடூத் வழியாக அந்த எண் போனுக்கு வரும். பிள்ளைகள் தினம் ஒரு வீட்டுப் போனைக் கொண்டுவருவதால், எந்தப் போனும் அனுமதி கேட்காமல் சேரும்படி அவள் திறந்தே வைத்திருந்தாள். போன் சேர்ந்தால் போர்டின் சிவப்பு விளக்குகள் டிக் குறி காட்டும். விலகினால் பெருக்கல் குறி. ஒரு நேரத்தில் ஒரு போனுடன்தான் அது பேசும். ஒருவர் பிடித்திருக்கும்வரை மற்றவர் போனில் அதன் பெயர்கூடத் தெரியாது. "ஆளு பொய் சொல்லும், போர்டு சொல்லாது" என்று வகுப்பில் அடிக்கடி சொல்வாள்.

போன வருடம் தேனியில் கண்காட்சி. ஈரம் பார்க்கும் அந்தக் கருவியின் கீழே 'வழிகாட்டி ஆசிரியர்: ஈஸ்வரபாண்டி' என்று அச்சடித்த அட்டை. அவர் கோட்டு போட்டுக்கொண்டு விளக்கினார், அதையும் தப்பும் தவறுமாக. மண்ணில் ஊற்றத் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றவள் ஹேமாவதி.

இந்த வருடம் மாவட்டம் முழுவதற்கும் இந்தப் போர்டுகளைச் சொல்லித்தர ஒரு பயிற்றுநரைத் தேடினார்கள். அல்லிநகரத்தில் தனி அறை, தனி லேப். போட்டியில் மிஞ்சியது இரண்டு பேர்: அவளும் அவரும். தேனியிலிருந்து திட்ட அலுவலர் உமாதேவி நேரில் வந்து பார்த்து அன்றைக்கே முடிவு சொல்வதாக ஏற்பாடு. காலையில் பள்ளியில் ஈஸ்வரபாண்டி போர்டின் விளக்குகளை மினுக்கிக் காட்டினார். மதியம் ஹேமாவதியின் முறை. சுருளிப்பட்டியில் சங்கிலியம்மாளின் திராட்சைத் தோட்டத்தில், சொட்டுநீர்க் குழாயின் வால்வைப் போனிலிருந்து திறந்து காட்ட வேண்டும். இந்த வேலை கிடைக்காவிட்டால் ஓய்வு பெறும்வரை அந்த ஆளின் பீரோவுக்குச் சாவி கேட்டே சாக வேண்டியதுதான்.

சங்கிலியம்மாள் கைராசிக்காரி. அந்தப் பக்கத்தில் கவாத்து தொடங்கினால் முதல் கொப்பை வெட்ட அவளைத்தான் கூப்பிடுவார்கள். ஹேமாவதி படித்தவள்தான், ஆனாலும் விட மனமில்லை. காலையில் போர்டை வால்வோடு மாட்டியதும், வகுப்புக்கென்று வைத்திருந்த பழைய போனை அவளிடம் நீட்டி, "அத்தை, மொத தடவ நீங்க தொட்டு விடுங்க" என்றாள். சங்கிலியம்மாள் கும்பிட்டுவிட்டுத் தொட்டாள். வால்வு டக்கென்று திறந்தது. திராட்சைத் தூரில் தண்ணீர் சொட்டியது. மறுபடி மூடவும் செய்தாள். இருவருக்கும் சிரிப்பு தாளவில்லை.

மதியம் உமாதேவி வந்தார். பந்தலின் கீழே பத்துப் பதினைந்து பேர். ஈஸ்வரபாண்டி கையில் போனை உருட்டியபடி முன்வரிசையில் நின்றார். ஹேமாவதி தன் சொந்தப் போனை எடுத்துத் தேடினாள். போர்டின் பெயர் வரவில்லை. மறுபடி தேடினாள். வரவில்லை.

"என்ன டீச்சர், கரண்டு இல்லையா?" என்றார் ஈஸ்வரபாண்டி. குரலில் சர்க்கரை.

அவள் போர்டைப் பார்த்தாள். டிக் குறி பளிச்சென்று எரிந்தது. யாரோ பிடித்திருக்கிறார்கள். அவளுக்குத் தலைக்கேறியது. அந்த ஆளும், கையில் உருளும் அந்தப் போனும்! வேறு யாருக்கு இந்தப் புத்தி வரும்?

"மேடம், யாரோ வேணும்னே போர்டப் பிடிச்சு வச்சிருக்காக" என்றாள். "இது கொஞ்ச தூரந்தான் எட்டும். ஈஸ்வரபாண்டி சார் போனோட மோட்டார் ரூம் வரைக்கும் போயிட்டு வரட்டும். போர்டே சொல்லிரும்."

"என்னையச் சந்தேகப்படுறீகளா?" அவர் முகம் கறுத்தது.

"போயிட்டு வாங்க சார்" என்றார் உமாதேவி. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார். மோட்டார் ரூம் நூறு அடி தாண்டி, சுவருக்கு அந்தப் பக்கம்.

எல்லோர் கண்ணும் போர்டில் இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று கேபிளை எடுக்க ஹேமாவதி தன் பைக்குள் கையை விட்டாள். விரலில் சூடாக ஏதோ பட்டது. வகுப்பின் பழைய போன். திரையில் அதே ஆப் திறந்தபடி, 'இணைந்துள்ளது' என்று காட்டியது. காலையில் கைராசி பார்த்த கையோடு, துண்டிக்காமல் அவளே பைக்குள் போட்டது.

நிமிர்ந்து பார்த்தாள். ஈஸ்வரபாண்டி மோட்டார் ரூம் கதவைத் தாண்டிக்கொண்டிருந்தார். அதே வெள்ளைச் சட்டை, அதே நெஞ்சு நிமிர்த்திய நடை. தண்ணீர் பாட்டில் ஞாபகம் வந்தது. பைக்குள்ளேயே கட்டைவிரலால் அந்தப் போனின் இணைப்பைத் துண்டித்தாள்.

போர்டில் டிக் மறைந்து பெருக்கல் குறி எரிந்தது.

"ஐயோ, நல்லா இருக்குதே சார் செஞ்ச வேல!" என்று கூட்டத்தில் யாரோ வாய்விட்டார்கள். உமாதேவி உதட்டைக் கடித்தார். ஹேமாவதியின் போனில் போர்டின் பெயர் வந்தது. தொட்டாள். வால்வு திறந்தது, தண்ணீர் சொட்டியது. கைதட்டினார்கள்.

ஈஸ்வரபாண்டி திரும்பி வந்தபோது யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. விஷயம் புரிந்ததும் அவர் நேராக ஹேமாவதியிடம் வந்து போனை நீட்டினார். அந்த ஆள் அவளிடம் எதையும் காட்டிக் கேட்டதே இல்லை.

"டீச்சர், இதுல அந்த ஆப்பே இல்ல. நீங்களே பாருங்க. உங்களுக்குத்தான தெரியும். எம்பிள்ள மேல சத்தியமா நான் தொடல."

அவள் வாங்கிப் பார்த்தாள். நிதானமாக, ஒவ்வொரு பக்கமாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். ஆப் இல்லை. எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அழிக்கிறதுக்கு நடந்த தூரம் போதுமே சார்" என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

சொல்லும்போது இனித்தது. உண்மையாகவே இனித்தது. பதினொரு வருடத்தில் கடைசி வார்த்தை அவளுடையதாக இருந்தது இதுதான் முதல் தடவை. அவர் பைக்கைப் பார்த்து நடந்தார்.

உமாதேவி கைகொடுத்து, அடுத்த வாரமே அல்லிநகரத்துக்கு வந்துவிடச் சொன்னார். சங்கிலியம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை. அவள் ஓடிவந்து ஹேமாவதியின் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள்.

"பாத்தியா ஆத்தா! காலையிலயே என் கை பட்டுச்சுல்ல, எப்படி வீணாப்போகும்? அந்தப் பையக் குடு, வண்டி வரைக்கும் நான் தூக்கியாறேன்."

"வேண்டாம் அத்தை" என்றாள் ஹேமாவதி. பையின் ஜிப்பை இழுத்து மூடி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.