சூடானால் அணைய வேண்டிய பல்பு

நேற்று பாறசாலையில் ஒரு எலக்ட்ரிக்கல் கடையில் குண்டு பல்பு கேட்டேன். பக்கத்து வீட்டு நாய் இந்த அடைமழையில் குட்டி போட்டிருக்கிறது, குட்டிகளுக்குக் கொஞ்சம் சூடு வேண்டும். கடைக்காரப் பெண் சிரித்துவிட்டு, "அதொண்ணும் இப்ப வாறதில்ல அக்கா, எல்லாம் எல்இடிதாம்" என்றாள். ஒன்றை எரியவிட்டும் காட்டினாள். கையை வைத்துப் பார்த்தேன். வெளிச்சத்தில் கண் கூசியது, சூடு என்று சொல்ல ஒன்றுமில்லை. பழைய பல்பு அப்படியா? மேலே படிந்த தூசி கருகி ஒரு வாசம் வருமே, நினைவிருக்கிறதா? எனக்கு அந்த வாசத்தோடு மீன் வாசமும் சேர்ந்தே வரும். ஏன் என்று சொல்கிறேன்.

கல்யாணமாகி நான் அமரவிளைக்கு வந்தபோது அம்மை பெருங்கடவிளையிலிருந்து ஒரு சேவலும் சில பெட்டைகளும் கொடுத்துவிட்டாள். கழுத்தில் தூவல், இறகு என்று ஒன்றுமே இல்லாத இனம். அழகு என்று ஒன்றும் கிடையாது, சத்தியமாகச் சொல்கிறேன். மாமியார் முதல் நாளே, "இதுக்கு என்ன சீக்கு?" என்று கேட்டார். ஆனால் புகுந்த வீட்டில் என் பேச்சைக் கேட்கிற உயிர் என்று இருந்தவை அவை மட்டும்தான்.

நிஜமாகவே ஒரு சீக்கு வந்தது. ஒரு வாரத்தில் கூடு காலி. அம்மைக்குப் போன் போட்டேன். "இங்கயும் எல்லாம் போச்சு மக்கா, ஒரு குஞ்சு மிச்சமில்ல" என்றாள். அவள் அந்த வீட்டில் வாழ வந்த நாள் முதல் முற்றத்தில் மேய்ந்த இனம். இனி எங்கே போய்த் தேட? மிச்சம் இருந்தது, சீக்கு வருமுன் நான் அடுக்களையில் எடுத்து வைத்திருந்த கொஞ்சம் முட்டை. அடைவைக்க அக்கம்பக்கத்தில் ஒரு கோழி இல்லை. அந்த முட்டைகளும் கெட்டுப்போனால் அம்மையின் கோழி என்று உலகத்தில் ஒன்றும் இருக்காது. நான் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன்.

என் வீட்டுக்காரர் ஏசி மெக்கானிக். தனுவச்சபுரம் கல்லூரிப் பக்கத்துக் கூல்பார்களில் பாதி பிரீசர் அவர் கைபட்டதுதான். "இதுக்கா அழுவுதெ? ஒரு பெட்டி, ஒரு பல்பு, ஒரு தெர்மோஸ்டாட். சின்ன வேலையாக்கும்" என்றார். மீன்காரரிடம் தெர்மோக்கோல் பெட்டி வாங்கி வந்தார். எத்தனை முறை கழுவி வெயிலில் வைத்தும் வாசம் போகவில்லை. பக்கத்து வீட்டுப் பூனை அதைத் தன் சொத்து என்றே முடிவு செய்து மேலேறிப் படுத்துக்கொண்டது.

தெர்மோஸ்டாட் ஏதோ பழைய கூலரில் கழற்றியது. சிவப்பு எண் தெரியும் சின்ன டப்பா, அதிலிருந்து ஒரு வயர், வயரின் நுனியில் கறுப்பு மணி போல ஒன்று. அந்த மணிதான் சூட்டைத் தொட்டுப் பார்த்துச் சொல்வது. முப்பத்தேழரையில் வைத்து, முட்டைகளை அடுக்கி, சுவிட்சைப் போட்டார். பல்பு எரியவில்லை. பல்பை மாற்றினார், ஹோல்டரை மாற்றினார், வயரை மாற்றினார். கோபம் வந்தால் அவருக்கு மலையாளம்தான் வரும். "எந்தா இதின்றெ குழப்பம்?" என்று டப்பாவோடு சண்டை போட்டார். கடைசியில் நான் குடிக்க வைத்திருந்த சாயாவில் அந்த மணியை முக்கினார். டக்கென்று சத்தம் கேட்டது, பல்பு எரிந்தது.

"கண்டியா? சாதனம் நல்லாத்தான் இருக்கு" என்று மணியைப் பல்பின் அருகிலேயே கட்டி மூடிவிட்டார். சாயா போனது போனதுதான்.

நான் டப்பாவின் சிவப்பு எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பதானது. நாற்பத்திரண்டானது. பல்பு அணைகிற வழியைக் காணோம்.

"இஞ்ச பாருங்க, சூடு கூடிட்டே போவுது."

"கூடினா ஓண் ஆகும், எரியும் பிள்ளே. அதாக்கும் அதுக்க வேலை."

"கூடினா அணையாண்டாமா? இது பிரிட்ஜு இல்ல, கோழியாக்கும்!"

மூடியைத் திறந்து முட்டைகளை மடியில் வாரிக்கொண்டேன். ஒன்றைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். நல்லவேளை, வெதுவெதுப்புதான். அவர் சுவிட்சை அணைத்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "ஏசி, பிரிட்ஜுன்னு சூடானா ஓண் ஆக்கி ஆக்கியே பழகிப்போச்சு."

அவரைக் குறை சொல்லி என்ன? நம் ஊரில் யார் சூட்டுக்காக மெக்கானிக்கைக் கூப்பிடுகிறார்கள்? மேடம் பத்தில், அந்தச் சித்திரை வெயிலில், மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரே கொதிக்கிறது. டப்பாவின் பின்னால் மூன்று திருகாணிகள் இருந்தன. நடுவில் ஒன்று, சூடானால் சேர்வது ஒன்று, தணுத்தால் சேர்வது ஒன்று. பல்பு வயரைக் கழற்றி அடுத்த திருகாணியில் மாட்டினார், அவ்வளவுதான். மணியைப் பல்பை விட்டு விலக்கி, முட்டைகளின் பக்கத்தில் கட்டச் சொன்னேன். முட்டைக்குத்தானே சூடு பார்க்க வேண்டும்? அப்படியே கட்டினார். பல்பு எரிந்தது, அணைந்தது, மறுபடி எரிந்தது. மூன்று வாரம் எங்கள் வீட்டில் எல்லோரும் அந்த டக் சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் சோறு தின்றோம்.

பாதிக்குமேல் பொரியவில்லை. அழத்தான் செய்தேன். ஆனால் பொரிந்த குஞ்சுகளைத் தூக்கிப் பார்த்தால், ஈரம் காய்ந்த மெல்லிய ரோமத்துக்கு நடுவில் மொட்டைக் கழுத்து. அந்த அசிங்கத்தைப் பார்த்து நான் அவ்வளவு சந்தோஷப்பட்டேன். முதலில் கண்டது அவர் காலைத்தான் போலும், அவர் எங்கே போனாலும் பின்னாலேயே ஓடின. மிதித்துவிடுவோமோ என்று மனுஷர் சொந்த வீட்டிலேயே பதுங்கிப் பதுங்கி நடந்தார்.

அம்மை பஸ் ஏறி வந்தாள். குஞ்சுகளைப் பார்த்துவிட்டுத் தாய்க்கோழியைச் சுற்றுமுற்றும் தேடினாள். "தள்ளக்கோழி எங்க மக்கா?" பெட்டியைக் காட்டினேன். உள்ளே கையை விட்டு, அந்தச் சூட்டில் கொஞ்சநேரம் வைத்திருந்தாள். "கொள்ளாம்" என்று மெச்சினாள். குஞ்சுகள் வளர்ந்ததும் பாதியைக் கூடையில் கொண்டுபோனாள். அவள் முற்றம் மறுபடி நிறைந்தது, காலையில் தீனி போட அவள் "ப்பா ப்பா" என்று கூப்பிடுகிற சத்தமும் திரும்பியது.

இப்போது அம்மை இல்லை. அந்த வீட்டை வாங்கியவர் இடித்துவிட்டு வேறு கட்டிவிட்டார். முற்றம் முழுக்கச் சிமெண்டுக் கல், கோழி கிளற மண் இல்லை. இங்கே என் கொல்லையில் மொட்டைக் கழுத்துகளுக்குக் குறைவில்லை. கேட்டு வருகிறவர்களுக்கெல்லாம் குஞ்சு கொடுக்கிறேன். போன வாரம் காலையில் தீனி போட, "ப்பா ப்பா" என்று கூப்பிட்டேன். உள்ளேயிருந்து அவர் வந்து வாசலில் நின்றார்.

"மாமி வந்திருக்காவளோன்னு நினைச்சேன்."

அவர் சும்மா சொல்கிற ஆள் இல்லை. மறுநாள் காலையில் இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டேன்.