இடது காதடியில் ஒரு ஊற்று

கழுத்தில் வைத்த கதிர்வீச்சு கட்டியைக் கரைத்தது. கூடவே என் எச்சிலையும் காயவைத்துவிட்டது. 2008 கோடையில், கடலூர் முதுநகர் வீட்டில், ஒரு வாய் சோற்றை வைத்துக்கொண்டு விழுங்க முடியாமல் தண்ணீருக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தேன். வாயெல்லாம் மணல். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் சத்தம் கேட்கும்.

எச்சில் என்றால் நமக்குத் துடைப்பது, கழுவுவது. எச்சில் தட்டு, எச்சில் கை, எச்சில் இலை. பேருந்து ஜன்னல் வழியாக எவனாவது துப்பினால் சண்டைக்குப் போகிறவன் நான். அந்தக் கோடையில் துப்புகிறவனைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். எவ்வளவு வைத்திருக்கிறான் பாவி, வீணாக்க!

சிதம்பரத்தில் என்னைப் பார்த்துவந்த டாக்டரம்மா, எடை பார்த்துவிட்டு நேராகச் சொன்னார்.

"இன்னும் எறங்குனா மூக்கு வழியா டியூப் போட்டுடலாம் சார். அடுத்த மாசம் பார்ப்போம்."

"வேணாம் டாக்டர். வாயாலயே சாப்புடுறேன்."

"சாப்புடுறீங்களா, முழுங்குறீங்களா?"

என் மனைவி முந்திக்கொண்டாள். "எல்லாத்தையும் மிக்சியில அடிச்சி மடக்கு மடக்குனு குடிக்கிறாரு. அப்பறம் நெஞ்சு எரியுதுன்னு உலாத்துறாரு."

"எரியத்தான் செய்யும்மா. வயித்துல ஊறுற ஆசிட்டு, கறி பருப்ப ஒடைக்கவும் கிருமியக் கொல்லவும் வேணும். அது மேல ஏறி வந்தா தணிச்சிக் கீழ அனுப்புறது எச்சில்தான். சோறு செரிக்கிறதும் வாயிலயே ஆரம்பிச்சிடுது. இவருக்குக் காதடியில இருக்குற எச்சில் சுரப்பியில எடது பக்கத்த மட்டும் முடிஞ்சவரைக்கும் காப்பாத்தியிருக்காங்க. அதுக்கு வேல குடுங்க. நல்லா மென்னு தின்னச் சொல்லுங்க."

திரும்பும் பேருந்து புதுச்சத்திரத்தைத் தாண்டியபோது, முன் இருக்கைப் பெண் ஒரு பொட்டலத்தைப் பிரித்தாள். மாங்காய்க் கீற்று, உப்பு, மிளகாய்த்தூள். வாசனை வந்ததும் என் இடது காதடியில் சுரீர் என்று ஒரு இழுப்பு. மனைவியின் கையைப் பிடித்தேன்.

"என்னா மாமா, வலிக்கிதா?"

"ஊறுது."

"என்னா ஊறுது?"

"எச்சில்டி!"

கத்தியேவிட்டேன். முன் இருக்கைப் பெண் திரும்பிப் பார்த்து, சங்கடத்தோடு பொட்டலத்தை நீட்டினாள். "எடுத்துக்குங்கண்ணே."

"அவரு தின்னா வாயி எரியும். நீ தின்னும்மா," என்றாள் மனைவி. "நல்லா சத்தமா தின்னு."

மறுநாளிலிருந்து அந்த வேலையை அவளே எடுத்துக்கொண்டாள். என் தட்டில் குழைந்த சோறு. எதிரே அவள், கையில் கிளிமூக்கு மாங்காய்.

"பாரு மாமா, உப்பு எப்புடி கரையுதுன்னு பாரு." கடக்.

நான் திட்டுவேன். திட்டத் திட்ட இடது பக்கம் கசியும். அது காய்வதற்குள் ஒரு சிட்டிகை சோறு, இடது கடைவாயில். ஒரு மிடறு தண்ணீர். மெல்லு. நின்றுகொண்டே தின்றுவிட்டுத் தெருவுக்கு ஓடுகிற கால்கள் என்னுடையவை. அவற்றை மடக்கிப்போட்டு உட்கார்ந்தேன். தாடை வலித்தது. வாய்ப்புண் எரிந்தது. சில நாள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

"டியூப்பா, சோறா?"

"சோறு."

"அப்ப ஒக்காந்து மெல்லு மாமா."

மெல்வதைத் தவிர வேறொன்றும் அந்த மாதம் நான் செய்யவில்லை. ஒரு மதியம், குழம்பில்லாத வெறும் சோறு வாயில் கரைந்துகொண்டே இருந்தது. திடீரென்று அடிநாக்கில் மெல்லிய தித்திப்பு.

"சக்கர போட்டியா?"

"வெறும் சோறு மாமா. சத்தியமா."

அவள் போடவில்லை. நான் போட்டேன். என் காதடியிலிருந்து கசிந்த அந்தக் கொஞ்ச நீர், சோற்றை உடைத்துச் சர்க்கரையாக்கியிருந்தது. உடனே விழுங்க மனமில்லை. பிறகு கீழே அனுப்பினேன். மிச்ச வேலையை வயிறு பார்த்துக்கொள்ளட்டும், அதற்கும் அமிலம் இருக்கிறது. அன்று நெஞ்சு எரியவில்லை.

அடுத்த மாதம் சிதம்பரம். எடை இயந்திரத்தின் முள் ஆடி ஆடி, முன்பு நின்ற இடத்திலேயே நின்றது.

"எறங்கல," என்றார் டாக்டரம்மா. "ஏறவும் இல்ல."

"டியூப்பு?"

"இப்ப வேணாம். மெல்லுறத மட்டும் விட்டுடாதீங்க."

பேருந்து நிலையத்தில் மனைவி மாங்காய் வாங்கினாள். ஜன்னலோர இருக்கையில் என்னை உட்காரவைத்துவிட்டுப் பக்கத்தில் அமர்ந்து, தயிர்சோற்று டப்பாவை என் மடியில் வைத்தாள். பிறகு என் பக்கம் நன்றாகத் திரும்பிக்கொண்டு பொட்டலத்தைப் பிரித்தாள்.

"பாரு மாமா," என்றாள்.

நான் டப்பாவைத் திறந்தேன்.