விரதமும் விந்துப் பரிசோதனையும்

ரூபேந்திரன் மலேசியாவின் செனாயில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் டெக்னீஷியன். வயது முப்பத்தெட்டு. கல்யாணமாகி ஒன்பது வருடம், பிள்ளை இல்லை. கூலாயில் அவன் வீட்டுக்கு வரும் உறவுக்காரர்கள் தேத்தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் அவன் மனைவி சாந்தினியின் வயிற்றை ஒருமுறை பார்த்துவிடுவார்கள். அவனைச் சந்தேகிக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றியதில்லை. மீசை வைத்த ஆணுக்குக் குறை இருக்குமா என்ன!

எட்டு வருடம் சாந்தினிதான் ஊசி போட்டுக்கொண்டாள், மாத்திரை விழுங்கினாள், ஸ்கேனுக்குப் படுத்தாள். "வீட்டுக்காரர எப்பதான் கூட்டிட்டு வருவீங்க?" என்று பெண் டாக்டர் அலுத்துப்போய்க் கேட்ட பிறகே அவன் அசைந்தான். விந்தைச் சோதித்தார்கள். உயிரணுக்கள் குறைவு, இருப்பவையும் சரியாக நகரவில்லை. ஜொகூர் பாருவில் ஆண்களுக்கான சிறப்பு மருத்துவர் ஜெயபாலன், இடது விதைக்கு மேலே ரத்தக்குழாய்கள் புடைத்திருப்பதைத் தொட்டே கண்டுபிடித்தார். அடிவயிற்றில் சின்னதாகக் கீறி அவற்றைக் கட்டிவிடலாம், நிறையப் பேருக்குத் தேறும், உறுதி மட்டும் கேட்காதீர்கள் என்றார்.

அக்டோபரில் அறுவை நடந்தது. அம்மா ராசம்மாவிடம் குடலிறக்கம் என்று சொல்லிவிட்டான். தழும்பும் அதற்குத் தோதான இடத்தில்தான் இருந்தது. சாந்தினி அவனை ஒரு பார்வை பார்த்தாள், மறுத்து எதுவும் பேசவில்லை. பேசிப் பேசிச் சலித்தவள். கோழை என்று அவனை நான் திட்டலாம்தான். ஆனால் அந்த வார்த்தையை அவனே தினமும் தனக்குச் சொல்லிக்கொண்டிருந்தான்.

மூன்று மாதம் கழித்து மறு பரிசோதனை. நாள் தைப்பூசத்துக்கு மறுநாளாக வந்தது. பிள்ளை வரம் கேட்டு அவன் வருடா வருடம் காவடி எடுப்பவன். அதற்காக நாற்பத்தெட்டு நாள் விரதம், தரையில் தனிப் பாய். இரண்டு நாளிலிருந்து ஏழு நாள் வரை மனைவியோடு சேராமல் இருந்துவிட்டு வரச் சொல்லியிருந்தார்கள். ஏழு நாளே போதுமென்றால் நாற்பத்தெட்டு நாள் எவ்வளவு நல்லது! படிவத்தில் 48 என்று பெருமையாகவே எழுதிக் கொடுத்தான்.

முடிவு மோசமாக வந்தது. எண்ணிக்கை கூடியிருந்தது, ஆனால் பெரும்பாலானவை அசையவே இல்லை. ஜெயபாலன் படிவத்தைப் பார்த்தார், பிறகு அவனைப் பார்த்தார்.

"நாப்பத்தெட்டு நாளா? நானும் காவடி எடுத்தவன்தாங்க. ஆனா இதுக்கு விரதம் ஆகாது. ரொம்ப நாள் தேங்குனா உயிரணு செத்துப்போகும். இத வச்சு ஒன்னும் சொல்ல முடியாது. கொஞ்ச நாள் வீட்டுல சாதாரணமா இருங்க. அப்புறம் மூனு நாள் மட்டும் விட்டுட்டு வாங்க."

மோட்டார்சைக்கிளில் திரும்பும்போது அவனுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. களைப்புதான் வந்தது.

வீட்டில் ராசம்மா காலண்டரோடு உட்கார்ந்திருந்தார்.

"ஏய்யா, பங்குனி உத்திரத்துக்குச் சாந்தினி பால்குடம் எடுக்கணும். நாளையிலேர்ந்து ரெண்டு பேரும் விரதம். இன்னொரு மண்டலம் இருந்தாத்தான் இவ தோஷம் போகும்னு சாமியார் சொல்லிட்டாரு."

"வேணாம்மா."

"ஏன்? உன் பொண்டாட்டிக்காகத்தான்லா சொல்றேன்."

மண்டலத்துக்கு மேல் மண்டலமாக விரதம் இருந்தால் பிள்ளை எங்கிருந்து வரும்? அவன் சோபாவில் ஹெல்மெட்டோடு உட்கார்ந்தான்.

"அம்மா, குறை எனக்குத்தான். அது குடலிறக்கம் இல்ல. பிள்ளைக்காகப் பண்ணின ஆபரேஷன்."

ராசம்மா காலண்டரைக் கீழே வைத்தார். பிறகு வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்தினார்.

"சரிய்யா. வெளிய யார்கிட்டயும் சொல்லிடாத, ஆம்பளைக்குக் கேவலம். இப்ப எல்லாரும் இவளத்தானே நெனச்சிக்கிட்டு இருக்காங்க? அப்படியே இருந்துட்டுப் போகட்டும்."

சமையலறை வாசலில் நின்றிருந்த சாந்தினி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒன்பது வருடமாக அவர்கள் முன்னால் அழாதவள், முந்தானையால் முகத்தைக்கூட மூடாமல் அழுதாள். அதைப் பார்த்ததும் ரூபேந்திரனுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. அம்மா கேட்டதைத்தானே இத்தனை மாதமும் அவன் செய்துகொண்டிருந்தான்!

அவன் கைப்பேசியை எடுத்தான். செடெனாக்கில் இருக்கும் சின்னம்மாவை அழைத்தான். அவரிடம் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி. ராசம்மா, "அலமாக், வைடா போன!" என்று பதறிக்கொண்டு எழுந்தார்.

"சின்னம்மா, ரூபன் பேசுறேன். பிள்ளை இல்லாததுக்குக் காரணம் சாந்தினி இல்ல. நான்தான்."

மறுமுனையில் சின்னம்மாவுக்குப் பாதி கேட்டிருக்காது, குரல் அப்படி உள்ளே போயிருந்தது.

"இன்னும் சத்தமா சொல்லுங்க," என்றாள் சாந்தினி.