பிரதமர் காலி செய்துவிட்டுப் போன வீடு

போன பள்ளி விடுமுறையில் ஒரு சனிக்கிழமை நாங்கள் மூன்று பேர் கோலாலம்பூருக்குப் போனோம். நான், என் அக்கா சாரதா, அக்கா வீட்டுக்காரர் மணியம் மாமா. பார்க்கப் போனது ஒரு வீட்டை. நாட்டின் பிரதமராக இருந்த ஒருவர் பதவிக் காலத்தில் குடியிருந்த அரசாங்க வீடு. இப்போது நினைவகம், யார் வேண்டுமானாலும் உள்ளே போய்ப் பார்க்கலாம். அவர் நம்ம கெடா மாநிலத்துக்காரர். அதற்காகத்தான் மாமா வரச் சம்மதித்தார்.

மாமாவைச் சம்மதிக்க வைப்பது அப்போது பெரிய வேலை. சிடாம் கிரி பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். வேலை முடிந்ததால் தோட்டத்து வீட்டை மாதக் கடைசிக்குள் ஒப்படைக்கச் சொல்லியிருந்தார்கள். மகள் சுங்கை பட்டாணியில் ஒரு தாமான் குடியிருப்பில் வீடு வாங்கி, இவர்களுக்கென்று அறையும் ஒதுக்கிவிட்டாள். மாமா அசையவில்லை. “நான் போட்ட டைல்ஸ், நான் இழுத்துக் கட்டின அடுப்படி. நான் எதுக்கு லா போகணும்?” இதே பேச்சுத்தான். அக்கா வாயே திறக்கவில்லை. இரண்டு நாள் வெளியே கூட்டிப்போனால் மனசு இளகும் என்று நான்தான் டிக்கெட் போட்டேன்.

நான் லூனாஸில் இருக்கிறேன். அங்கிருந்து சுங்கை பட்டாணி ரயில் நிலையம் சுமார் முப்பத்தைந்து கிலோமீட்டர். ஏழரை மணி ரயில், ஆளுக்கு எழுபத்திரண்டு வெள்ளி (ரிங்கிட்). கோலாலம்பூர் போய்ச் சேர நாலரை மணி நேரம் ஆனது. ரயிலுக்குள் குளிர் தாங்காது, சட்டைக்கு மேல் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு முடித்துவிட்டு வாடகைக் கார் எடுத்தோம். பன்னிரண்டு வெள்ளி. அந்த இடத்தின் முழுப் பெயர் நீளம்; “பழைய பிரதமர் வீடு” என்றதுமே டிரைவருக்குப் புரிந்துவிட்டது. நுழைவுக் கட்டணம் கிடையாது.

மேட்டின் மேல் வெள்ளை நிற மாடி வீடு. வெள்ளைக்கார அதிகாரிக்காகக் கட்டியது, சுதந்திரத்துக்குப் பிறகு பிரதமர் இல்லமானது. வாசலில் நின்று மாமா மேலும் கீழும் பார்த்தார். “அப்படியே நம்ம தோட்டத்து துரை பங்களா,” என்றார். அதற்கப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை. ஜன்னல் கொக்கி, கதவுக் கீல், மேசைக்கடியில் என்று எல்லாவற்றையும் குனிந்து பார்த்தார். எங்களுக்கு வழிகாட்ட வந்த ஃபரா என்ற மலாய்ப் பெண்ணை மலாயிலேயே கேள்வி கேட்டுத் துளைக்க ஆரம்பித்தார். அவளும் பெரியவர்களை அழைக்கிற ‘பாக்சிக்’ போட்டுப் பதில் சொன்னாள்.

“இந்த வீடு அவரோட சொந்தமா?”

“இல்லை பாக்சிக், அரசாங்கத்தோடது. பதவி முடிஞ்சதும் காலி பண்ணிட்டார்.”

“அப்ப இதுவும் குவார்ட்டர்ஸ்!” மாமா முகத்தில் பல நாளாகக் காணாத வெளிச்சம். “சொந்தக் காசு போட்டு ஏதாவது கட்டியிருந்தாரா? அதை என்ன பண்ணாங்க?”

ஃபரா யோசித்தாள், உள்ளே போய் ஓர் அதிகாரியைக் கேட்டுவிட்டு வந்தாள். அவருக்கும் தெரியவில்லையாம். “இதை இதுவரைக்கும் யாரும் எங்ககிட்ட கேட்டதில்ல,” என்றாள். கேலியாகச் சொல்லவில்லை.

மாடியில் படுக்கையறைக்குள் போக முடியாது. கயிறு கட்டியிருக்கிறார்கள், எட்டித்தான் பார்க்கலாம். மாமா அங்கே நெடுநேரம் நின்றார். பிறகு தமிழில், “கிளம்புற அன்னைக்கு அவரு சம்சாரம் எப்படி அழுதிருக்கும்,” என்றார்.

“ஏன் அழணும்? சந்தோஷமாகூட போயிருக்கலாம்,” என்றாள் அக்கா.

“சந்தோஷமா யாரு போவா?”

“நான் போவேன்.”

மாமா திரும்பினார். அக்கா கயிற்றைப் பிடித்துக்கொண்டு அறைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். “கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து எனக்கு அந்த வீடு பிடிக்காது. மழை பேஞ்சா தகரச் சத்தத்துல பேச முடியாது. துவைச்ச துணியெல்லாம் ரப்பர் நாத்தம். ஒரு ஆணி அடிக்கணும்னாலும் தோட்டத்து ஆபீஸ்ல என்ன சொல்லுவாங்களோன்னு பயம்.”

“இத்தனை வருஷமா ஏன் சொல்லல?”

“நீங்க டைல்ஸ் போட்டுக்கிட்டு இருந்தீங்க. எப்படிச் சொல்றது?”

ஃபராவுக்குத் தமிழ் தெரியாது. சிரித்தபடி நின்றாள். நான் அவசரமாகச் சுவர்க் கடிகாரத்தைக் காட்டி அது ஓடுமா என்று கேட்டேன். மாமா படியிறங்கிப் போய்விட்டார். நாங்கள் மற்ற அறைகளைப் பார்த்துவிட்டு வந்தபோது புல்வெளியோரம் தனியாக உட்கார்ந்திருந்தார். அன்று முழுக்க அவர் பேசவில்லை. தங்கும் விடுதிச் செலவு நூற்று முப்பது வெள்ளி. கூட்டிவந்திருக்கவே கூடாதோ என்று எனக்கு அங்கே தூக்கமே வரவில்லை.

மறுநாள் திரும்பும் ரயிலில், ஈப்போ தாண்டியதும் மாமாவே கேட்டார்: “வேற என்ன பிடிக்காது, சொல்லு.”

அக்கா சொன்னாள். குளியலறைக் கதவு, பாம்பு வந்தது, வாசலில் நின்று அதட்டிய ஆபீஸ் கிரானி. மாமா ஒவ்வொன்றுக்கும் தலையசைத்துக்கொண்டே வந்தார். புக்கிட் மெர்தாஜாமில்தான், “அந்தப் பாம்பை நான்தானே அடிச்சேன்,” என்றார். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

நீங்களும் போவதாக இருந்தால்: திங்கட்கிழமை மூடியிருக்கும். வெள்ளிக்கிழமை மதியத் தொழுகை நேரத்திலும் கதவு சாத்திவிடுவார்கள் என்று ஃபரா சொன்னாள். விடுமுறைக் காலத்து ரயில் டிக்கெட் சீக்கிரம் முடிந்துவிடும், முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். மாடிப்படி செங்குத்து, முட்டிவலிக்காரர்களுக்குச் சிரமம். அரை மணியில் பார்த்து முடிக்கலாம் என்று இணையத்தில் எழுதியிருந்தார்கள். எங்களுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பதில் தெரியாத கேள்விக்கும் அங்கே யாரும் முகம் சுளிக்கவில்லை, அதனால் தாராளமாகக் கேளுங்கள்.

மாதக் கடைசியில் மாமாவே வீட்டைக் கூட்டிப் பெருக்கிச் சாவியை ஆபீஸில் கொடுத்தார். டைல்ஸைப் பெயர்த்து எடுக்கவில்லை. தாமான் வீடு அவருக்கு இன்னும் பழகவில்லை. எந்த விளக்குக்கு எந்த சுவிட்ச் என்று தடவிக்கொண்டிருக்கிறார். அக்கா மட்டும், குடிபோன அன்றே, மகளைக்கூடக் கேட்காமல், கூடத்துச் சுவரில் நாலு ஆணி அடித்துவிட்டாள்.