மாஸ்டரின் உதாரணம்

தையல்கடை மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் நடத்தும் மாஸ்டருக்கு உதாரணம் என்றால் சொந்தக் குடும்பம்தான். 'எகனாமிக்கல்' என்றால் சிக்கனம், அதற்கு மனைவி. 'மைசர்' என்றால் கஞ்சன்; அதற்கு மச்சான். வகுப்பு சிரிக்கும், பாடமும் மனதில் நிற்கும். 'அலோன்' என்றால் கூட ஆள் இல்லை, 'லோன்லி' என்றால் ஆள் இல்லையே என்ற ஏக்கம். இதற்கு எப்போதும் அக்காதான்.

"எங்க அக்கா அலோன். ஆனா லோன்லி இல்ல."

அன்றைக்கும் அதையே சொல்லிவிட்டு நிமிர்ந்தால், கடைசி பெஞ்சில் அக்காவே உட்கார்ந்திருக்கிறாள். கீழே தைக்கக் கொடுத்த தலையணை உறையை வாங்க வந்தவள், தம்பியைப் பார்க்க மாடியேறியிருக்கிறாள்.

வகுப்பு கலைந்ததும் கேட்டாள். "என்னைப் பத்தி ஏதோ சொன்னியே, என்னடா அது?"

மென்று விழுங்கி ஒருவழியாக விளக்கினார். அடுத்த தெருவில் இருக்கும் அவள் வீட்டுக்குப் போய் மாதக்கணக்காகிறது என்பது அப்போதுதான் உறைத்தது.

"அலோன் சரி," என்றாள் அக்கா. "இன்னொன்னை யாரைக் கேட்டுச் சொன்னே?"

எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்த மாஸ்டர், அவளிடம் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

"நாளையிலேர்ந்து வேற உதாரணம் சொல்றேன்க்கா."

உறையை மடித்துப் பைக்குள் வைத்தபடி அக்கா எழுந்தாள்.

"வேண்டாம், அதையே சொல்லு. அந்தச் சாக்குலயாவது என்னை நெனைக்கிறியே."