நாலாவா, நாலு அடியா?

காலை 8.10. ஜனக்புரி நிறுத்தத்தில் ஏசி பேருந்தில் ஏறினேன். விடியற்காலையிலிருந்தே மழை. சாணக்யபுரி வரை ஏறத்தாழ 15 கிலோமீட்டர். எனக்கு 25 ரூபாய். பக்கத்து இருக்கைப் பெண்ணுக்குக் கட்டணமில்லாத இளஞ்சிவப்புச் சீட்டு.

நான் கைப்பேசியில் தமிழ் பேசியதைக் கேட்டு அவரே பேச்சுக் கொடுத்தார். பெயர் ஜெசிந்தா, ஊர் பாளையங்கோட்டை, நர்ஸ். பத்து மணிக்கு ஒரு மருத்துவமனையில் நேர்முகத் தேர்வு.

"போன வருசமும் இதே ஆஸ்பத்திரிதாண்ணே. வழியில சுரங்கப்பாதையில பஸ் முங்கிட்டு. இன்டர்வியூ போச்சுல்லா. இன்னைக்கும் அதே பாதைதான்."

8.50. சுரங்கப்பாதைக்கு அரை கிலோமீட்டர் முன்பு பேருந்து ஓரங்கட்டியது. நடத்துநர் கைப்பேசியில் யாரிடமோ கத்தினார்: "நாலா? நாலா?"

"தண்ணீர் நாலு அடியாம்" என்றேன்.

ஜெசிந்தா சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் பையில் சுருட்டிக்கொண்டு எழுந்தார். "பையா, இறக்கி விடுங்க! ஆட்டோல போறேன்" என்று நடத்துநரிடம் இந்தியில் சொன்னார்.

"அரே, பைட்டியே மேடம்!" உட்காரச் சொல்லி நடத்துநர் இந்தியில் ஏதோ விளக்கினார். ஜெசிந்தா மெல்ல என் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, இவங்க மழைத்தண்ணி ஓடுற கால்வாயை ‘நாலா’ம்பாங்க. நாலா அடைப்பில்லாம ஓடுதான்னு கேட்டிருக்காரு. ஓடுதாம். நாலு அடியாம்லா, நாலு அடி!"

சிரித்தபடி உட்கார்ந்தார். அவர் சொல்லி விஷயம் தெரிந்ததும் நடத்துநர் ஓட்டுநருக்கு என்னைக் காட்டிக் காட்டிச் சொன்னார்.

8.58. சுரங்கப்பாதைச் சுவரில் அடிக்கணக்கில் கோடுகள். ஓரடிக் கோடு சிவப்பு. தண்ணீர் அதைத் தொட்டால் பேருந்து இறங்கக் கூடாது. இன்று கோட்டுக்கு ஒரு சாண் கீழே இருந்தது. சாலையின் இருபுறமும் அகலமான இரும்புச் சல்லடைகள், அவற்றுக்கு அடியில் புது நாலா. வெளியே வந்ததும் நடத்துநர் இடப்பக்கம் கைகாட்டினார். மழைநீரைத் தேக்கச் சுரங்கப்பாதையைவிடத் தாழ வெட்டிய பூங்கா. நாலாத் தண்ணீர் அங்கேதான் போகிறது. ஊஞ்சல் பலகை தண்ணீரில் மிதந்தது. பேருந்து சாலையில் ஓடியது.

9.25. மருத்துவமனை நிறுத்தம்.

"திரும்பி வரும்போதும் இதே பஸ்தான். நீங்க மட்டும் ஏறிராதீங்கண்ணே" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்தார் ஜெசிந்தா. கையில் முப்பத்தைந்து நிமிடம் மிச்சம்.

சென்னையில் என் வீட்டருகிலும் ஒரு சுரங்கப்பாதை உண்டு. மழை நாளில் நாங்கள் கேட்பது "எத்தனை அடி?" என்று மட்டும்தான். ஊர் திரும்பியதும் அங்கேயும் தண்ணீர் வடிய வழி கேட்டு வார்டு அலுவலகத்தில் மழைக்கு முன்பே மனு கொடுக்கப் போகிறேன். அதில் கால்வாய் என்றே எழுதுவேன். நாலா என்று எழுதினால் அவர்களும் அடிக்கணக்குத்தான் பார்ப்பார்கள்.