வேம்புலியம்மாளின் பழங்குடி அட்டை

வேம்புலியம்மாள் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தகரக் கொட்டகையில் நாள் முழுக்கக் குச்சி மனிதர்களை வரைகிறாள். செம்மண் நிறம் பூசிய பிளைவுட் பலகையில் இரண்டு முக்கோணம் உடம்பு, நாலு கோடு கைகால், ஒரு புள்ளி தலை. இப்படி நாற்பது பேர் கைகோத்து வட்டமாக ஆடுவார்கள். எங்கோ மேற்கு மலைப் பக்கம் வார்லிப் பழங்குடிப் பெண்கள் கல்யாண வீட்டுச் சுவரில் அரிசி மாவால் தலைமுறை தலைமுறையாகப் போட்டுவரும் சித்திரமாம் அது. இங்கே அதன் மேல் டீ டிக்காஷன் தெளித்து, புகை காட்டி, ஒரே மத்தியானத்தில் ஆயிரம் வயதாக்கிவிடுவார்கள். புளித்த டீயும் பெயின்ட்டும் கலந்த அந்த வாடையில் சோற்றுத் தூக்கைத் திறந்தாலே அவளுக்குக் குமட்டும்.

முதலாளி குணசேகரன் ஊரை அடித்து உலையில் போடுகிற சாமர்த்தியசாலி. திருநின்றவூர் ஏரிக்கரையிலிருந்து வரும் இவள் இருளர் சாதி என்று தெரிந்த அன்று அவருக்கு வாயெல்லாம் பல். கழுத்தில் பாசிமணி, நெற்றியில் வெள்ளைப் புள்ளி, கையில் மூங்கில் குச்சி என்று வேஷம் கட்டிப் போட்டோ எடுத்து, இங்கிலீஷில் நாலு வரி சேர்த்து அச்சடித்து, பலகைக்கு ஒரு அட்டையாகக் கட்டித் தொங்கவிட்டார்.

“இன்னா சார் எழுதிக்கீது?” என்று கேட்டாள்.

“பழங்குடிப் பொம்பள வரைஞ்சதுன்னு போட்டுக்கீறேன். நெசந்தானே?”

நிஜம்தான். அதனால் ஒரு அட்டையைத் தன் பர்ஸில் செருகிக்கொண்டு மறுபடி வரைய உட்கார்ந்தாள். பாசிமணியைக் கழற்றிய பிறகும் இரண்டு நாள் கழுத்து அரித்தது.

அந்த நிஜத்தை அரசாங்கக் காகிதத்தில் எழுதி வாங்கத்தான் அவள் இரண்டு வருஷமாக அலைகிறாள். மகள் யுவராணிக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் சாதிச் சான்றிதழைக் காட்டாவிட்டால் அந்த இடம் வேறு யாருக்கோ போய்விடும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே.

புதன்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு கோட்டாட்சியர் ஆபீசுக்குப் போய், சான்றிதழ் கொடுக்கும் அலுவலரின் மேசை முன்னால் நின்றாள். உட்காரச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

“பாம்பு புடிப்பியாமா?”

“இல்லீங்க சார்.”

“எலி?”

“எங்க தாத்தா காலத்துல புடிச்சாங்க. நான் கம்பெனிக்குப் போறேன்.”

“பாத்தா எங்க தெருப் பொம்பள மாதிரி இருக்க. எப்படி நம்பறது? உங்களுக்குன்னு ஆதிகாலத்துக் கலை எதுனா இருக்கா?”

அவள் யோசித்தாள். “மாசி மகத்துக்கு மாமல்லபுரம் போவோம் சார். கடலோரம் மணல்ல ஏழு படி கட்டி, பூ வச்சு, கன்னியம்மாவக் கும்பிடுவோம். எத்தினி தலைமுறையா கட்றாங்கன்னு யாருக்கும் தெரியாது.”

“அதுக்கு ஆதாரம்?”

“அலை வந்து இட்டுகினு பூடும் சார்.”

அலுவலர் சிரித்தார். பல்லிடுக்கெல்லாம் பாக்குத் துணுக்கு. பாம்பு பிடிப்பவள்தான் பழங்குடி என்று இவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ, கேட்கவே அருவருப்பாக இருந்தது. அப்போதுதான் அவளுக்கு அந்த அட்டை ஞாபகம் வந்தது. பழங்குடி என்று அச்சிலேயே இருக்கிறதே. மகளிடம்கூட ஒரு வார்த்தை சொல்லாமல் பர்ஸிலிருந்து எடுத்து நீட்டிவிட்டாள்.

அவர் படித்துத் தமிழில் சொன்னார். “மகாராஷ்டிரா மலைக்காட்டில் பிறந்து வளர்ந்த வார்லி பழங்குடிக் கலைஞர். ஓ, நீ வெளி மாநிலமா? அந்தச் சாதிக்கு இங்க சர்டிபிகேட் கெடையாதும்மா.”

“அய்யோ, இல்ல சார். அது முதலாளி போட்ட பொய்யி.”

“உன் போட்டோதானே? அப்ப பொய் சொல்லிப் பொழைக்கிற ஆளா நீ?”

மனுவில் சிவப்பு மையில் ‘நிராகரிக்கப்பட்டது’ என்று எழுதி, முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

“இத்த ஏம்மா குட்த?” என்று யுவராணி அடிக்குரலில் கேட்டாள்.

வேம்புலியம்மாளுக்குக் குணசேகரன் மேல் வெறுப்பு, எதிரே இருக்கும் பாக்குப் பல் மேல் வெறுப்பு, எல்லாவற்றுக்கும் மேலாகப் பாசிமணி மாட்டக் கழுத்தை நீட்டிய தன் மேலேயே வெறுப்பு. மகளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அலுவலர் அட்டையைத் திருப்பினார். பின்பக்கம் குச்சி மனிதர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

“நல்லாத்தான் இருக்கு. நாளைக்குப் புது மனு போடு. என்கிட்டதான் வரும், பாக்கலாம். வரும்போது எங்க வீட்டு ஹால்ல மாட்டறதுக்கு இதுல ஒண்ணு எடுத்துகினு வா.”

வேம்புலியம்மாளுக்குக் காறித் துப்புகிற அளவுக்கு வாயில் எச்சில் ஊறியது. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டே நாள். எச்சிலை விழுங்கினாள்.

“எத்தினி அடியில வோணும் சார்?” என்று கேட்டாள்.

யுவராணி தன் கையை உருவிக்கொண்டாள். முகத்தைச் சுளித்தபடி வாசலைப் பார்த்து நடந்தாள். அந்தச் சுளிப்பு அலுவலரைப் பார்த்து இல்லை என்பது வேம்புலியம்மாளுக்குத் தெரிந்தது.